கொலையாளி யாரென்று தெரிந்த பின்னும் வந்தவர்கள்: டெல்டா சிற்றூர் ஒன்றில் ‘அந்த நாள்’ திரையிடல் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே, காவிரியை ஒட்டிய ஒரு சிற்றூரில் சிறிய திரைப்பட ரசனைக் குழு ஒன்று இயங்கி வருகிறது. பள்ளி ஆசிரியர்கள் சிலர், கூட்டுறவு வங்கி ஊழியர் ஒருவர், அரிசி ஆலை வைத்திருக்கும் குடும்பத்து இளைஞர் ஒருவர், கல்லூரி மாணவ மாணவியர் சிலர் ஆகியோர் அதில் இருக்கிறார்கள். ஊரில் இருந்த இரண்டு திரையரங்குகளில் ஒன்று கல்யாண மண்டபமாகிவிட்டது. மற்றொன்று பூட்டிக் கிடக்கிறது. புதுப் படம் பார்க்க விரும்புவோர் பேருந்து ஏறிப் போய்விடுகிறார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு, குறிப்பாக முதியவர்களுக்கு, பழைய படங்களைக் கட்டணமின்றிக் காட்டுவதே குழுவின் வேலையாக இருந்து வந்தது. அதன் கூட்டங்களில் உடனிருந்து கவனித்தவன் என்ற முறையில் இதைப் பதிவு செய்கிறேன்.

அதுவரை காட்டப்பட்டவை பெரும்பாலும் பாட்டுக்குப் பெயர்போன படங்கள். பார்வையாளர்கள் கூடவே பாடுவார்கள், வசனத்தை முன்கூட்டியே சொல்வார்கள். அந்த நிலையில்தான் குழுவிலிருந்த வரலாற்று ஆசிரியை 1954ஆம் ஆண்டின் ‘அந்த நாள்’ படத்தைத் திரையிடலாம் என்றார். பாட்டு, நடனம், சண்டை எதுவும் இல்லாத, கொலை விசாரணையை மட்டுமே நம்பி நிற்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை இந்த ஊரில் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. இந்த ஆய்வுக்கும் அதுவே முதற்கேள்வி.

படத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

ஏவி.எம். தயாரிப்பில் எஸ்.பாலச்சந்தர் இயக்கிய இப்படம் 1954 ஏப்ரலில் வெளிவந்தது. பின்னாளில் வீணையால் உலகறிந்த அதே பாலச்சந்தர்தான். திரைக்கதை வசனம் ஜாவர் சீதாராமன். விசாரணை நடத்தும் சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தமாக நடித்தவரும் அவரே. ஒளிப்பதிவு எஸ்.மாருதி ராவ். கதை நடப்பது 1943 அக்டோபரில், ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய சமயத்தில். வானொலிப் பொறியாளர் ராஜன், அதாவது சிவாஜி கணேசன், படம் தொடங்கியதுமே குண்டடிபட்டு இறந்துவிடுகிறார். அதன்பின் அவர் வருவதெல்லாம் மற்றவர்களுடைய வாக்குமூலங்களின் வழியாகத்தான்.

அந்த வாக்குமூலங்கள் அமைந்த விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ராஜனின் தம்பியைச் சந்தேகிக்கிறார்; தம்பி தன் மனைவியையே சந்தேகிக்கிறான்; அவள் ராஜனோடு தொடர்பிலிருந்த இன்னொரு பெண்ணைக் காட்டுகிறாள்; அந்தப் பெண்ணோ பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டுகிறாள். சுட்டிய விரல் சுற்றிக்கொண்டு முதலில் சுட்டியவரிடமே வந்து நிற்கிறது. நடந்த ஒன்றையே பலர் பலவிதமாகச் சொல்லும் அமைப்புக்கு 1950இல் வந்த ஜப்பானியப் படம் ‘ராஷோமோன்’ முன்மாதிரி என்று பலரும் சொல்வதுண்டு. இங்கே சிக்கல் அதிலிருந்து வேறுபட்டது. சொல்பவர்கள் ஒருவரை ஒருவர் மறுப்பதைவிட, ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ராஜனை நம்முன் வைத்துவிட்டுப் போகிறார்கள். தம்பிக்கு அவன் பாகம் தர மறுத்த அண்ணன். இன்னொருத்திக்கு அவன் காதலன். ராஜனின் மனைவிக்கு அவன் வேறு யாரோ.

அமெரிக்கக் குற்றப்படங்களின் ஒரு வகைக்குப் பிரெஞ்சு விமர்சகர்கள் 1946இல் ‘நுவார்’ என்று பெயரிட்டார்கள். அவ்வகைப் படங்களின் இருட்டு, ஒரு பக்கம் மட்டும் ஒளி விழும் முகங்கள், சாளரக் கம்பிகளின் நிழல், நல்லவன் கெட்டவன் என்று எளிதில் பிரிக்க முடியாத மனிதர்கள் ஆகிய அனைத்தும் இந்தப் படத்தில் உண்டு. வெளிவந்தபோதே அது பதினோரு ஆண்டு பின்னோக்கிய காலப் படம். இன்று பார்ப்பவருக்குப் படம் எடுக்கப்பட்ட காலமும் சேர்ந்து விலகித் தெரிகிறது.

முதல் திரையிடல்: கவனித்தவை

அனுமதிக் கடிதங்கள் முடிந்தபின், ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் மாலை ஆறு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் படம் தொடங்கியது. வழக்கமான கூட்டம் வந்திருந்தது. இடைவேளைக்கு முன்பே ஆட்கள் எழத் தொடங்கினார்கள். முடியும்போது பாதிக்கும் குறைவானவர்களே இருந்தார்கள்.

நடுவே ஒரு சம்பவம். பல ஆண்டுகளுக்கு முன் இந்தப் படத்தைப் பார்த்திருந்த பெரியவர் ஒருவர், பக்கத்தில் இருந்தவரிடம் கொலையாளி யாரென்பதை உரக்கச் சொல்லிவிட்டார். பெயர் வரிசை வரிசையாகப் பின்னால் வரை போயிற்று. அன்றிரவு மண்டபத்து வாசலிலேயே நடந்த கலந்தாய்வில், மர்மம் உடைந்ததால்தான் கூட்டம் கலைந்தது என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். வரலாற்று ஆசிரியை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. பெரியவர் வாய் திறப்பதற்கு முன்பே முன்வரிசையில் நாலைந்து பேர் எழுந்துவிட்டதை அவர் பார்த்திருந்தார். நானும் பின்சுவரை ஒட்டி நின்றிருந்ததால் அதைக் கவனித்தேன். ஆட்கள் எழுந்தது பெரும்பாலும் இரவுக் காட்சிகளின்போதுதான்.

காரணம் திரையிலேயே இருந்தது. ஆனியில் நம் பகுதியில் ஆறரை மணிக்கு மேல்தான் சூரியன் மறைகிறது. மண்டபத்தின் மேல்சுவரில் வரிசையாக வென்டிலேட்டர்கள். அவற்றின் வழியே வெளிச்சம் நேராகத் திரையில் விழுந்தது. இருட்டிய பின்போ, மறுநாள் முகூர்த்தத்துக்காக வாசலில் கட்டியிருந்த சீரியல் விளக்குகள் எரிந்தன. புரொஜெக்டரால் ஒளியை வீச முடியும், கறுப்பை வீச முடியாது. திரையில் கறுப்பாகத் தெரிய வேண்டிய இடம் அந்த அறையின் இருட்டு எவ்வளவோ அவ்வளவுதான் கறுக்கும். வண்ணப் படத்தில் இந்தக் குறையைக் கண் பொறுத்துக்கொள்ளும். நிழலையே மொழியாகக் கொண்ட படத்தில் அப்படியல்ல; அறையில் வெளிச்சம் இருந்தால் சாம்பல் பூசிய பரப்பில் யாரோ நடமாடுவது போலத்தான் தெரியும். அன்று ஒரு முகத்தின் இருண்ட பாதியும் அதற்குப் பின்னிருந்த சுவரும் ஒரே நிறமாகி, சந்தேகப்பட வேண்டிய முகமே காணாமற் போயிற்று.

இன்னொன்றும் நேர்ந்தது. அக்காலப் படங்கள் ஏறக்குறைய சதுரமான சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. திரையை நிரப்புவதற்காகப் படத்தை அகலவாக்கில் இழுத்திருந்ததால் முகங்கள் பருத்துத் தெரிந்தன. அண்மைக் காட்சிகளை நம்பி எடுத்த படத்தில் இது சிறிய குறை என்று நான் கருதவில்லை. ‘சிவாஜி என்னமோ வீங்கின மாதிரி இருக்காரே’ என்று ஒரு பெண்மணி கேட்டதும் அதனால்தான்.

பருவமும் ஒத்துவரவில்லை. மேட்டூர் திறந்து, குறுவை நடவு மும்முரமாக இருந்த நேரம். பகலெல்லாம் வயலில் நின்றவர்கள் சொல்லுக்குச் சொல் கூர்ந்து கேட்க வேண்டிய ஒரு படத்தின்முன் உட்கார்ந்திருந்தார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

படத்தைக் கைவிட்டுப் பழையபடி பாட்டுப் படங்களுக்கே போகலாம் என்ற கருத்து வலுவாகவே இருந்தது. மறுபடியும் ஒருமுறை காட்டிப் பார்ப்பது என்று முடிவானதற்கு ஆசிரியையின் வாதமே காரணம். படம் பிடிக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை, படம் தெரியவில்லை என்றுதான் சொன்னார்கள் என்பதை அவர் ஒவ்வொருவரிடமும் விசாரித்து எழுதி வைத்திருந்தார்.

இடம் முதலில் மாறியது. ஆலைக் குடும்பத்து இளைஞர், புதிய கிடங்கு கட்டிய பின் காலியாகக் கிடந்த பழைய நெல் கிடங்கைக் கொடுத்தார். தடித்த சுவர், ஒரே வாசல், சன்னலே கிடையாது. இருட்டுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் ஊரில் இல்லை. ஆனால் ஒலி எதிரொலித்தது. பாட்டில்லாத, வசனத்தையே நம்பிய படத்துக்கு அது பெருங்கேடு. இளைஞர் பழைய சாக்குகளைப் பிரித்துத் தைத்து, பக்கச்சுவர் இரண்டிலும் பின்சுவரிலும் தொங்கவிட்டார். தரையில் தவிடு வாசனை போகும்வரை கழுவி, மேலும் சாக்கு விரித்தார். கைதட்டிப் பார்த்தபோது ஓசை எழுந்த இடத்திலேயே அடங்கியது. படத்தை அதன் உண்மையான சட்டகத்திலேயே காட்டுவது, இருபுறமும் மிஞ்சும் திரையைக் கறுப்புத் துணியால் மூடுவது, வாசலுக்கு உள்ளே இன்னொரு கனத்த திரை கட்டி இரட்டை மறைப்புச் செய்வது, ஏழரை மணிக்கு முன் தொடங்குவதில்லை என்பன மற்ற முடிவுகள். சம்பா அறுவடை பெரும்பாலும் ஓய்ந்த மாசி மாதம் நாளாகக் குறிக்கப்பட்டது.

கொலையாளியின் பெயரை என்ன செய்வது என்பதில்தான் நீண்ட விவாதம். தெரிந்தவர்கள் சொல்லக் கூடாது என்று வேண்டுகோள் வைப்பதோடு நிறுத்தலாம் என்றார் வங்கி ஊழியர். தெரிந்தாலும் பரவாயில்லை என்று வெளிப்படையாகவே அறிவிக்கலாம் என்றார் ஆசிரியை. துண்டறிக்கையில் ‘பாட்டு இல்லை, சண்டை இல்லை, ஒரு கொலை, ஐந்து பேர்மேல் சந்தேகம்’ என்று மட்டும் அச்சிட்டு, வேண்டுகோளை வாசலில் வாயால் சொல்வது என்று ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு வாக்குமூலத்துக்குப் பின்னும் படத்தை நிறுத்திக் கருத்துக் கேட்கலாம் என்ற யோசனையும் வந்தது. நிறுத்தினால் விளக்கைப் போட வேண்டும், விளக்கு வந்தால் பழகிய கண் கலையும் என்பதால் அது தள்ளப்பட்டது. இடைவேளையில் மட்டும் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்து, யார்மேல் சந்தேகம், ஏன் என்று எழுதச் சொல்வதாயிற்று. எழுதத் தெரியாதவர்களுக்கு மாணவியர் எழுதிக் கொடுத்தனர்.

இரண்டாவது திரையிடல்

கிடங்குக்குள் வந்தவர்கள் இருட்டில் சற்று நேரம் தடவித்தான் உட்கார்ந்தார்கள். முதல் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பின் பேச்சு நின்றது. இடைவேளை வரை எழுந்துபோனவர்கள் குழந்தை வைத்திருந்த ஓரிருவர்தான்.

சீட்டுகளில் எழுதப்பட்டிருந்தவையே இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டன. பெயர்கள் பலவாறாகச் சிதறியிருந்தன. ஆனால் ‘ஏன்’ என்பதற்குக் கீழே, கேட்டதைவிட நீளமாக எழுதியிருந்தார்கள். தம்பியைப் பற்றி எழுதியவர்களில் பலர் கொலையை விட்டுவிட்டுப் பாகப்பிரிவினையைப் பேசினார்கள். பாகம் கேட்டது குற்றமாகாது, கேட்ட விதம்தான் தப்பு என்று ஒருவர். தராத அண்ணன்மேல்தான் முதல் குற்றம் என்று இன்னொருவர். தையல் வேலை செய்யும் ஒரு பெண் எழுதியது: ‘கட்டினவளையே போலீஸ்ல காட்டிக்குடுக்கிறவன் சொல்றதை எப்படி நம்புறது?’ ஒரு வேலிக்கால், ஒரு வாய்க்கால் தலைப்பு, ஒரு கூட்டுப் பட்டா ஆகியவற்றுக்காக அண்ணன் தம்பிகள் வருடக்கணக்கில் பேசாதிருக்கும் வீடுகள் இந்த ஊரில் உண்டு. இன்றைய கதையாக இருந்தால், இது இன்னார் வீட்டு விவகாரம் என்று பெயர் வைத்துவிடுவார்கள்; அந்த அச்சத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எண்பது ஆண்டுக்கு முந்தைய சென்னை வீடு என்ற தொலைவு, தம் வீட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்ற கூச்சமில்லாமல் அவர்களைப் பேச வைத்தது. காலப் படத்தின் ஈர்ப்பில் பழைய கார்களுக்கும் உடைகளுக்கும் இருக்கும் பங்கைவிட இந்தப் பாதுகாப்புக்கு இருக்கும் பங்கு பெரியது என்பது என் கணிப்பு.

படம் முடிந்தபின் ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் ஒருவர், ஊரில் எல்லோரும் ஏட்டையா என்று அழைப்பவர், தாமாகவே எழுந்து பேசினார். விசாரணையின்போது காவல்துறை எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சொன்னவர் கையெழுத்துப் போடுவதில்லை, அதை நீதிமன்றத்தில் நேரடிச் சாட்சியமாக எடுத்துக்கொள்வதுமில்லை, பின்னால் மாற்றிச் சொன்னால் முரண்பாட்டைக் காட்ட மட்டுமே அது பயன்படும் என்று அவர் விளக்கினார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161, 162 பிரிவுகளாக அவர் பணிக்காலத்தில் இருந்த இவ்விதிகள், 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 180, 181 எண்களில் உள்ளன. கையெழுத்து இல்லை என்பதால்தான் மனிதர்கள் மனம் திறந்து பேசுகிறார்கள், அதே காரணத்தால்தான் துணிந்து பொய்யும் சொல்கிறார்கள் என்றார் அவர்.

ஆலை இளைஞர், “ஏட்டையா, அப்ப எது நிஜம்னு எப்படித்தான் கண்டுபிடிப்பீங்க?” என்று கேட்டார்.

“ஒருத்தன் இன்னொருத்தனைக் காட்டறப்போ, சொல்றதுல பாதி தன்னைப் பத்தித்தான் தம்பி சொல்லுவான். அதைக் கேட்டுக்கிட்டே இருக்கணும். அந்த சிவானந்தம் அடிக்கலை பாருங்க, கேக்கறாரு” என்றார் ஏட்டையா.

இந்தப் பதில் அன்று கூட்டத்தில் நிறையப் பேரைத் தொட்டது. படத்தில் நமக்குக் கிடைக்கும் இடம் அந்த அதிகாரியின் நாற்காலிதான். துப்பறிவதில் நாம் அவரை முந்த வேண்டும் என்ற போட்டி ஒருபுறம் இருந்தாலும், ஒரு குடும்பத்தின் அந்தரங்கத்தை யாரையும் புண்படுத்தாமல் கேட்கும் உரிமை நமக்குக் கிடைக்கிறது என்பதே பெரிய ஈர்ப்பு.

மூன்றாவது திரையிடல்: எதிர்பாராத சான்று

இரண்டாவது காட்சிக்கு வந்தவர்களே மறுபடி கேட்டதால், பங்குனியில் படம் மீண்டும் திரையிடப்பட்டது. அன்று வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கொலையாளி யாரென்று தெரியும். மர்மம் உடைந்ததால்தான் ஆனியில் கூட்டம் கலைந்தது என்ற விளக்கம் சரியென்றால், இந்தக் கூட்டமும் கலைந்திருக்க வேண்டும். கலையவில்லை. முடிவு தெரியாதவர்களைவிட இவர்கள் அமைதியாகவும் நெருக்கமாகவும் பார்த்தார்கள். யார் எந்த இடத்தில் தயங்குகிறார், எந்தச் சொல்லை விழுங்குகிறார், வெளிச்சம் முகத்தின் எந்தப் பக்கம் விழுகிறது என்பவை அப்போதுதான் கண்ணில் பட்டதாகப் பலர் சொன்னார்கள்.

மாணவி ஒருத்தி தன் பாட்டியை அழைத்து வந்திருந்தாள். போர்க்காலத்தில் பாட்டி சிறு பெண். அவருடைய தந்தை பினாங்கில் வேலை பார்த்தவர். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி மலேயா போய்வந்த குடும்பங்கள் டெல்டாவில் ஏராளம். 1942இல் ஜப்பான் மலேயாவைப் பிடித்ததோடு கடிதமும் மணியார்டரும் நின்றன; பர்மா அரிசியும் வராமற்போனது. “அந்தக் காலத்துல ஜப்பான்காரன் வரப்போறான்னுதான் ஊரெல்லாம் பேச்சு. எங்கம்மா விளக்கைத் தாழ்த்தி வச்சிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அப்பா இருக்காரா இல்லையான்னே தெரியாது” என்று பாட்டி சொன்னார். கொலையாளி யார் என்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. யாரை நம்புவது என்று தெரியாத ஒரு காலத்தை அவர் திரையில் அடையாளம் கண்டுகொண்டார். படத்தில் குண்டுவீச்சு வெறும் பின்னணிச் செய்தியாக இல்லாமல், வீட்டுக்குள் இருக்கும் சந்தேகத்தோடு பின்னிக் கிடப்பதை எங்களில் சிலர் அதன்பிறகே முழுமையாகக் கவனித்தோம்.

இதிலிருந்து ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். இந்தப் படத்தின் பிடிப்பு விடையில் இல்லை. நிழலும் வாக்குமூலமும் காதுக்கும் கண்ணுக்கும் சரியாகப் போய்ச் சேர்ந்தால், விடை தெரிந்தவரையும் அது உட்கார வைக்கிறது; சேராவிட்டால் விடை தெரியாதவரும் எழுந்து போகிறார். மூன்றாம் காட்சிக்கு வந்தோரில் பலர் ஏற்கெனவே படத்தை விரும்பியவர்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனால் ஆனியில் எழுந்துபோன சிலரும் அன்று இருந்தார்கள் என்பதால் எனக்கு இந்த முடிவில் தயக்கம் இல்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

தொடக்க உரை நீண்டுவிட்டது. இயக்குநர், ஒளிப்பதிவு, நுவார் என்ற வகை பற்றிய செய்திகளையெல்லாம் முன்னாலேயே சொன்னபோது கூட்டம் நெளிந்தது. அதே செய்திகளைப் படத்துக்குப் பின் சொன்னபோது கேள்விகள் வந்தன. இனி முன்னுரை ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. சீட்டு எழுதும் வழக்கம் தொடரலாம். ஆனால் ‘யார்’ என்ற கேள்வியை நீக்கிவிட்டு ‘எவர் சொன்னதை நம்பினீர்கள், ஏன்’ என்று கேட்பது நல்லது. இதில் குழுவுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஊகிக்கும் விளையாட்டுத்தான் இளைஞர்களை இழுக்கிறது என்று வங்கி ஊழியர் இன்றும் சொல்கிறார்.

காற்றோட்டம் ஒரு சிக்கலாகவே இருக்கிறது. இருட்டுக்காகத் தேர்ந்த கிடங்கு பங்குனியிலேயே புழுங்கியது. சித்திரையில் அங்கே முதியவர்களை இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்க முடியாது. கூரையோரம் ஒளி புகாத வளைகுழாய் வைத்து வெப்பத்தை வெளியேற்றும் மின்விசிறி பொருத்த ஆலை இளைஞர் ஏற்பாடு செய்து வருகிறார். பெண்களின் வருகையும் கடைசிப் பேருந்தைப் பொறுத்தே இருந்தது. ஏழரைக்குத் தொடங்கினால் வெளியூர்ப் பெண்கள் பாதியில் கிளம்ப நேர்கிறது. கிடங்கில் பகலிலும் இருட்டு உண்டு என்பதால், குளிர்ந்த மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக் காட்சி ஒன்றைச் சேர்க்க முடிவாகியிருக்கிறது.

அடுத்ததாக, அதே பாலச்சந்தர் இயக்கி 1970இல் வெளிவந்த ‘நடு இரவில்’ படத்தை மார்கழியில் காட்டத் திட்டமிட்டிருக்கிறார்கள். படம் முடிந்தபின் பேச ஏட்டையா ஒப்புக்கொண்டிருக்கிறார். துண்டறிக்கை வாசகத்தை எழுதும் பொறுப்பு இம்முறை மாணவியரிடம் விடப்பட்டிருக்கிறது.